வடை மடிச்ச தாளும் பூட்டுப் போட்ட சேதியும்

எங்க பக்கத்து ஊர்ச் சேரியில் ஒரு பையனை வெட்டிப் போட்டார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதை இங்கே எழுதப் போவதில்லை. மூணாம் நாள் மெட்ராசிலிருந்து ஒரு இங்கிலீஷ் பத்திரிகைக்காரர் வந்தார். நல்ல மனுசர்தான். பையனோட அம்மாகூட மண் தரையில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் பேசினார். மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தம்மா உட்கார்ந்திருந்ததைப் போட்டோ பிடித்துக்கொண்டு போனார். இவுக சொன்னதை அவருக்கும் அவர் கேட்டதை இவுகளுக்கும் நான்தான் கூட இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தம்மாவின் தங்கச்சி மகன் செல்போனில் தேடி அந்தச் சேதியை எடுத்துவிட்டான். தலைப்பு இருந்தது, போட்டோ இருந்தது, கீழே நாலு வரி இருந்தது. அஞ்சாவது வரியில் எழுத்து மங்கி, அதுக்கு மேலே ஒரு கட்டம். மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் சந்தா கட்டச் சொல்லியது. அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழே எழுத்துக்கூட்டித்தான். கட்டத்தைக் காட்டி "இது என்னத்தச் சொல்லுது?" என்று கேட்டுச்சு. "காசு கட்டுனாத்தான் மீதியக் காட்டுவாகளாம் பெரியம்மா" என்றான் பையன். அந்தம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாஞ் சொன்னதத்தானத்தா எழுதியிருப்பாக? நாஞ் சொன்னத நாங் கேக்கக் காசா?" என்றது.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

இணையத்தில் செய்தி படிக்கக் காசு வாங்கலாமா கூடாதா என்று படித்தவர்கள் மத்தியில் பல வருசமாகவே விவாதம் நடக்கிறது. வாங்கலாம் என்பவர்கள், நிருபருக்குச் சம்பளம் வேண்டாமா, ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுவது சும்மா ஆகுமா என்கிறார்கள். கூடாது என்பவர்கள், தெரிந்துகொள்வது குடிமக்கள் உரிமை, அதற்கு விலை வைத்தால் ஏழைக்குப் பொய்ச் சேதிதான் மிஞ்சும் என்கிறார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ரெண்டு பக்கமும் பேசுவது 'வாசகர்' என்ற ஒருத்தரைப் பற்றி. அந்த வாசகருக்குச் சாதி இல்லை. அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று தெரியாது. ஆனால் அவர் கையில் பேங்க் கார்டு மட்டும் கட்டாயம் இருக்கிறது. செய்தியில் வருகிற ஆளும் ஒரு வாசகர்தான் என்பது இந்த விவாதத்தில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்தம்மா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் பழைய கதைகளைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் எங்க ஊர் டீக்கடை. தமிழ்நாட்டு டீக்கடையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதுண்டு. ஒரே பேப்பரை நூறு பேர் படிப்பார்கள், ஒருத்தர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள், அரசியலே அங்கேதான் வளர்ந்தது என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனா அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்கணும் இல்லீங்களா? எங்க தாத்தா காலத்தில் எங்க ஆளுகளுக்குத் தனிக் கிளாசு. கடைக்கு வெளியே குத்தவச்சுக் குடிச்சிட்டு, தானே கழுவிக் கவுத்திட்டுப் போகணும். பேப்பர் பெஞ்சுக்குள்ளேயே தாள் தாளாகப் பிரிந்து கை மாறும், வாசலுக்கு வராது. வாசிக்கிறவர் சத்தமாக வாசித்தால் காதில் விழுந்த மட்டும் இவுகளுக்குச் சேதி. பொம்பளைகளுக்கு அந்த வாசலும் கிடையாது. எந்தச் சாதிப் பொம்பளையும் டீக்கடையில் நின்று பேப்பர் படித்ததை நான் சின்னப்பிள்ளையில் பார்த்ததே இல்லை.

தாத்தா ரெண்டாப்பு வரைக்கும் படித்தவர். அவருக்குப் பேப்பர் வந்த வழி வடை. பழைய பேப்பரில்தான் வடை மடித்துக் கொடுப்பார்கள். வடையைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, எண்ணெய் ஊறின தாளை வெயிலில் பிடித்து எழுத்துக்கூட்டுவாராம். எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும், ரெண்டு சேதியும் ஒண்ணாகக் கலந்துபோகும். அண்ணா செத்துப்போன சேதியும் ஏதோ தலைவலித் தைல விளம்பரமும் ஒரே தாளில் கலந்து வந்ததை எங்கள் அய்யா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இதை ஓசிப் படிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தாத்தா வடைக்குக் காசு கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தவனும் டீக்குக் காசு கொடுத்தான். கொடுத்த காசு ஒரே காசுதான், கிடைத்த பேப்பர்தான் வேற.

காசு கம்மியான பேப்பர் என்பது உலகத்தில் எப்போது வந்தது என்று பார்த்தால் கதை நியூயார்க்குக்குப் போகிறது. அதுவரை அமெரிக்கப் பேப்பர்கள் ஆறு சென்ட் விற்றன. வியாபாரிகளும் அரசியல்வாதிகளும் சந்தா கட்டிப் படித்தார்கள். 1833 செப்டம்பர் 3 அன்று பெஞ்சமின் டே என்ற அச்சுக்காரர் 'சன்' என்று ஒரு பேப்பரை ஒரே ஒரு சென்ட்டுக்குத் தெருவில் விற்றார். சூரியன் எல்லாருக்கும் பிரகாசிக்கிறது என்பது அதன் முழக்கம். நஷ்டத்தை விளம்பரக்காரர்கள் கட்டினார்கள். இதழியல் வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரிய சனநாயகப் புரட்சி என்று எழுதுவார்கள். கூலித் தொழிலாளி கைக்கும் பேப்பர் வந்தது உண்மைதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1846-இல் நியூயார்க் மாநிலத்தில் கறுப்பர்களுக்குச் சமமான ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு. வெள்ளைக்காரன் சொத்து இல்லாமலே ஓட்டுப் போடலாம், கறுப்பனுக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்பது அன்றைய சட்டம். 'சன்' பேப்பர் கறுப்பர்களுக்கு எதிராகத் தலையங்கம் எழுதியது. வில்லிஸ் ஹாட்ஜஸ் என்ற கறுப்பர் அதற்கு ஒரு பதில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். போடுகிறோம், 15 டாலர் கட்டு என்றார்கள். கட்டினார். அவர் எழுதியதை அங்கங்கே மாற்றி, விளம்பரப் பகுதியில் விளம்பரமாகப் போட்டார்கள். போய்க் கேட்டதற்கு, சூரியன் பிரகாசிப்பது வெள்ளைக்காரர்களுக்கு, கறுப்பர்களுக்கு அல்ல என்று சொல்லி அனுப்பினார்கள். வேண்டுமானால் நீயே ஒரு பேப்பர் போட்டுக்கொள் என்றும் சொன்னார்கள்.

ஒரு சென்ட் பேப்பர். அதில் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒரு கறுப்பனுக்கு ஆன விலை 1500 சென்ட். மலிவு யாருக்கு மலிவு என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கணும்.

ஹாட்ஜஸ் நிஜமாகவே பேப்பர் போட்டார். அதுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனார். ரெண்டு மாசம் சுண்ணாம்படித்துச் சேர்த்த கூலியில், தாமஸ் வான் ரென்சிலர் என்ற இன்னொரு கறுப்பரோடு சேர்ந்து 1847 சனவரியில் 'ராம்ஸ் ஹார்ன்' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார். ரெண்டு வருசம்கூட ஓடவில்லை. ஆனால் ஃபிரடெரிக் டக்ளஸ் அதில் எழுதினார். அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் எடுத்துத் தூக்கில் தொங்கிய ஜான் பிரவுனும் எழுதினார்.

இதுக்கு நம்ம நாட்டுப் பதிப்பு ஒண்ணு உண்டு. 1920 சனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா கொடுத்த 2500 ரூபாய்தான் முதல். இப்படி ஒரு பத்திரிகை வருகிறது என்று திலகரின் 'கேசரி'க்கு விளம்பரம் கொடுத்தார்கள். சும்மா போடச் சொல்லவில்லை, காசு தருகிறோம் என்றுதான் கேட்டார்கள். 'கேசரி' போடவில்லை. திலகர் அப்போது உயிரோடு இருந்தார். நியூயார்க்கில் 15 டாலர் வாங்கிக்கொண்டு விளம்பரமாகவாவது போட்டார்கள். இங்கே அந்தக் காசிலும் தீட்டு ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

அம்பேத்கர் அப்புறம் 1927-இல் 'பகிஷ்கிருத பாரத்' தொடங்கினார். உதவிக்கு ஆள் வைக்கக் காசில்லாமல் பத்தி பத்தியாக அவரே எழுதி நிரப்பினார். கடன் ஏறியது. 1928-இல், இந்தப் பத்திரிகையின் கடன் தன் ஒருத்தன் கடனா, சமூகத்தின் கடன் இல்லையா என்ற பொருளில் ஒரு தலையங்கமே எழுதினார். 1929-இல் பத்திரிகை நின்றுபோனது. 1943-இல் பூனாவில் ரானடே பற்றிப் பேசியபோது, இந்தியாவில் பத்திரிகை என்பது ஒரு காலத்தில் தொழில்தர்மம் உள்ளதாக இருந்தது, இப்போது வியாபாரமாகிவிட்டது, சோப்புத் தயாரிப்பதற்கு உள்ள தார்மீகம்தான் அதற்கும் உண்டு என்று சொன்னார். சோப்பு என்று அவர் சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சோப்பு விளம்பரம் போட்ட முதல் பக்கங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். தமிழில் தலித்துகள் நடத்திய பத்திரிகைகள் 1869-இல் வந்த 'சூரியோதயம்' தொட்டே இருக்கின்றன. அந்த வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைக் கொண்டுவந்தார். நாலு பக்கம், விலை 2 அணா. சென்னையில் ரெண்டு நாளில் 400 பிரதிகள் போல விற்றதாக அவரே தன் சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். இதை ஒரு நிமிசம் யோசிச்சுப் பாக்கணும். அந்தப் பேரை அட்டையில் போட்டு, அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறதே அந்தக் காலத்தில் ஒரு காரியம். அதுக்கு 2 அணா கொடுத்து வாங்கியவர்கள் யார்? பட்லர்கள், குதிரைக்காரர்கள், பட்டாளத்து ஆட்கள், அரசாங்க ஆபீசில் சின்ன உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களுக்கு அது சின்னக் காசு இல்லை.

அயோத்திதாசப் பண்டிதர் வேற வழி எடுத்தார். 1907 சூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து வந்த வாரப் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பேர் வைத்தார். விலையையே பேராக்கிய பத்திரிகை வேறு ஏதாவது உண்டா தெரியவில்லை. ஒரு பைசா வைத்திருக்கிற எவனும் தமிழன்தான், வாங்கிப் படிக்கலாம் என்று அந்தப் பேரே சொல்லிவிடுகிறது. ஒரு வருசம் கழித்து, 'ஒரு பைசா' என்பதை எடுத்துவிடச் சொல்லி வாசகர்கள் கேட்டுக்கொண்டார்கள். 1908 ஆகஸ்டிலிருந்து அது வெறும் 'தமிழன்'. ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மலிவான ஆளுக்கு மலிவான பத்திரிகை என்று ஊர்க்காரன் சிரித்திருப்பான். இது என் ஊகம்தான். ஆனால் ஓசியாகவோ மலிவாகவோ கிடைப்பதை வைத்து நம்மை மட்டம் தட்டுகிற பழக்கம் இன்னைக்கு ரேசன் அரிசி வரைக்கும் வருகிறதே.

1914-இல் பண்டிதர் இறந்த பிறகு 'தமிழன்' தட்டுத் தடுமாறி நின்றது. 1926-இல் அதை மறுபடி உயிர்ப்பித்தது கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து நடத்தினார். பூமிக்கு அடியில் தங்கம் வெட்டின சனங்கதான் அதுக்கு ஆதாரம். கறுப்பர்களின் 'சிகாகோ டிஃபெண்டர்' கதையும் இதே மாதிரிதான். 1905-இல் 25 சென்ட் முதலோடு 300 பிரதி அடித்து ராபர்ட் அபாட் தொடங்கிய அந்தப் பத்திரிகையை, ரயிலில் படுக்கை விரிக்கிற வேலை பார்த்த கறுப்புத் தொழிலாளிகள் தெற்கு மாநிலங்களுக்கு ஒளித்துக் கொண்டுபோனார்கள். வாங்கினது ஒருத்தர், முடிவெட்டும் கடையிலும் சர்ச்சிலும் சத்தமாக வாசிக்கக் கேட்டது பல பேர். ஒருத்தர் காசு கொடுக்க ஊரே படிக்கிறது என்பது நம்ம மாதிரி சனங்க எல்லா ஊரிலும் கண்டுபிடித்த வழி. 2019 சூலையில் 'டிஃபெண்டர்' அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது.

இதில் இன்னொரு விசயம் உண்டு, வலிக்கிற விசயம். 'பறையன்' இதழ்களை இன்றைக்குக் கையில் எடுத்துப் படிக்க முடியாது. அதில் என்ன எழுதினார்கள் என்பதில் கொஞ்சம், வெள்ளைக்கார அரசாங்கம் உளவுக்காகச் சுதேசிப் பத்திரிகைகளைப் படித்துச் சுருக்கி வைத்த ரகசிய அறிக்கைகளில் கிடக்கிறது. நம்மைக் கண்காணித்தவன் ஃபைலில்தான் நம்ம எழுத்து மிச்சம். 'தமிழன்' தப்பித்தது சில பேர் வீட்டுப் பெட்டிகளில் கட்டிக் காப்பாற்றியதால். ஞான அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி 1999-இல் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகுதான் என் மாதிரி தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கே பண்டிதரைத் தெரிந்தது. அப்பவும் என் பாடத்திட்டத்தில் அவர் பேர் இல்லை. பத்திரிகை நடத்த மட்டுமில்லை, அதைக் காப்பாற்றி வைக்கவும் காசு வேணும். ஓசி நல்லது என்று பேசுகிற தோழர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

விளம்பரக்காரன் கதை ஒண்ணு பாக்கி. 1994-இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' தில்லியில் தன் விலையை ஒன்றரை ரூபாயாகக் குறைத்தது. மற்றப் பேப்பர்களும் குறைக்க வேண்டியதாகிவிட்டது. வாசகனுக்குச் சந்தோசம். தாள் விலைக்குக்கூடக் காணாத காசுக்குப் பேப்பர் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? மீதிக் காசைக் கட்டியது கார் விற்கிறவனும் பிளாட் விற்கிறவனும். 2012-இல் அந்த நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவர், நாங்கள் இருப்பது பத்திரிகைத் தொழிலில் அல்ல, விளம்பரத் தொழிலில் என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

கார் வாங்கவும் பிளாட் வாங்கவும் முடியாதவன் சேதி அந்தப் பேப்பரில் எவ்வளவு வரும்? அதை எழுதுகிற ஆள் யார்? 1996-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் தில்லி நிருபர் கென்னத் கூப்பர், அவர் ஒரு கறுப்பர், எனக்கு ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்ட முடியுமா என்று பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் தேடிப் பார்த்தார். அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் பட்டியலைத் துருவினார், போன் போட்டுப் போட்டுக் கேட்டார். ஒருத்தர்கூட அகப்படவில்லை. அந்த வருசம் நவம்பரில் 'பயனியர்' பத்திரிகையில் அதை எழுதினார். இருபத்து மூணு வருசம் கழித்து, 2019-இல், ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஒரு கணக்கெடுத்தார்கள். பத்திரிகை, தொலைக்காட்சி, இணையதளம் எல்லாம் சேர்த்து அவர்கள் எடுத்துக்கொண்ட 121 தலைமைப் பதவிகளில் 106 பேர் உயர்சாதியினர். தலித்துகளும் பழங்குடிகளும் பூச்சியம். இந்தக் காலம் பூராவும் பேப்பர் மலிவாகத்தான் இருந்தது. இணையத்தில் ஓசியாகவே கிடந்தது.

இணையக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நம்ம நாட்டில் முதலில் இணையத்தில் ஏறிய நாளிதழ் 'தி இந்து', 1995-இல். 'நியூயார்க் டைம்ஸ்' 1996-இல் ஏறியது. எல்லாரும் ஓசியாகப் போட்டார்கள், அச்சில் வந்த விளம்பரக் காசு இங்கேயும் வரும் என்று நம்பி. அந்தக் காசைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டன. 'நியூயார்க் டைம்ஸ்' 2005-இல் சில பத்திகளுக்கு மட்டும் காசு வைத்துப் பார்த்து, 2007-இல் கைவிட்டது. 2011 மார்ச்சில் மறுபடி பூட்டியது. இந்தத் தடவை மாதம் 20 கட்டுரை சும்மா, அதுக்கு மேலே காசு. இன்றைக்கு அதுக்கு ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். 'கார்டியன்' பூட்டவில்லை. முடிந்தவர்கள் கொடுங்கள், முடியாதவர்களும் படியுங்கள் என்று கேட்டே பத்து லட்சம் பேருக்கு மேல் காசு வாங்கியிருக்கிறது. இங்கே இங்கிலீஷ் நாளிதழ்கள் 2019, 2020-ஐ ஒட்டி ஒவ்வொன்றாகப் பூட்ட ஆரம்பித்தன. கொரோனா ஊரடங்கில் முழுப் பேப்பரையும் பி.டி.எஃப். ஆக்கி வாட்சப்பில் சுற்ற விட்டார்கள். அது சட்டவிரோதம் என்று பத்திரிகை முதலாளிகள் சங்கம் 2020-இல் எச்சரித்தது. எனக்கும் தினமும் வந்தது, படித்தேன். இந்தக் காலத்து வடைத்தாள்.

அதனால் காசு கேட்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2 அணா கொடுத்த பரம்பரை நாம். ஓசி என்கிற இடத்தில் இன்னொருத்தன் காசு கட்டுகிறான், அவன் சொன்னது அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சந்தா என்றாலே சுதந்திரம் என்று பேசுவதையும் நம்ப முடியவில்லை. விளம்பரக்காரன் போய்ச் சந்தாதாரன் வந்தால், சந்தா கட்டுகிறவன் தெருவில் குப்பை அள்ளவில்லை என்பதுதான் சேதியாகுமே தவிர, குப்பை அள்ளுகிறவன் மலக்குழிக்குள் செத்தது சேதியாகுமா? ஆகும், சில நாள் ஆகும். அப்படி ஆகிற அன்றைக்கும் அது பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். சந்தா கட்டியவர் படித்து வருத்தப்படுவார். செத்தவன் பொண்டாட்டிக்கு அது தெரியாது. பெஞ்சுக்கும் வாசலுக்கும் இருந்த தூரம் அப்படியே இருக்கிறது.

கொடுமை என்னவென்றால் இதே பேப்பர்கள் அரசாங்க விளம்பரம் வாங்குகின்றன. அது பொதுப்பணம். தீப்பெட்டி வாங்குகிற எங்க ஆத்தா கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது. அந்தக் காசை வாங்குகிறவர்கள் வன்கொடுமைச் சேதி, கோர்ட்டுத் தீர்ப்பு, கல்வி உதவித்தொகை அறிவிப்பு இவற்றையாவது பூட்டாமல் போட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1989 சட்டத்தின் கீழ் ஒரு வழக்கை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய பேப்பர் சேதி ஒண்ணு கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று.

நம்ம ஆட்கள் நடத்துவதும் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் சித்ரகூட் பக்கம் 2002-இல் தலித் பெண்கள் தொடங்கிய 'கபர் லகரியா' ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற பத்திரிகை. அந்தப் பெண்கள் சேதி சேகரிக்கப் போன ஊரிலேயே பேப்பரையும் விற்றார்கள். தப்பாக எழுதினால் அடுத்த வாரம் அதே தெருவில் பதில் சொல்லணும். இப்போது அதுவும் செல்போனுக்குப் போய்விட்டது. அம்பேத்கர் பத்திரிகையின் பேரையே வைத்து மீனா கோட்வால் 2021 சனவரி 31-இல் 'தி மூக்நாயக்' இணையதளம் தொடங்கினார். பூட்டு இல்லை, படிக்கிறவர்கள் கொடுப்பதைக் கேட்டு வாங்கி நடத்துகிறார்.

எங்க பத்திரிகைக் கூட்டத்திலும் இந்தச் சண்டை வந்தது. முந்தின தலைமுறைச் சிறுபத்திரிகைகளில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டிருக்கும், 'விலை' என்று போடாமல் 'நன்கொடை' என்று போட்டிருக்கும். பதிவுச் சட்டத்துக்குப் பயந்து செய்தது அது. ஆனால் அந்தச் சொல்லிலேயே நமக்கு ஒரு கூச்சமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம்ம எழுத்துக்கு விலை என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழும்புவதில்லை. இணையத்தில் ஏற்றுவோம், சந்தா வைப்போம் என்றான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி. நம்ம சனத்துக்கிட்டயே காசா என்று மூத்த தோழர் ஒருவர் எழுந்து போய்விட்டார். நான் தம்பி பக்கம்தான் பேசினேன். கட்டுரைக்கு விலை வைக்கலாம், வாத்தியார் வேலையிலும் பேங்கிலும் இருக்கிற நம்ம ஆளுக கொடுக்கட்டும். கள ஆய்வு அறிக்கையும் சாட்சியமும் மட்டும் எப்பவும் திறந்தே கிடக்கணும். அதோடு, யாருடைய வாயிலிருந்து வாங்கி எழுதுகிறோமோ அவர் கையில் முதல் பிரதி போய்ச் சேரணும். எழுந்து போன தோழர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தம்மா விசயத்துக்கு வருகிறேன். நானே என் கார்டைப் போட்டு அந்த இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு மாசச் சந்தா கட்டினேன். கட்டுரை முழுசையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போய் ராத்திரி அவுக வீட்டில் உட்கார்ந்து வாசித்தேன். அக்கம்பக்கத்துச் சனங்களும் வந்து கூடிவிட்டார்கள். நல்லாத்தான் எழுதியிருந்தார். அந்தம்மா இடையில் ஒரே ஒரு தடவைதான் நிறுத்தச் சொன்னது. கூலி வேலை செய்து வந்த இளைஞர் என்று ஒரு இடத்தில் இருந்தது. "கூலி வேலையா? எம்புள்ள ஐ.டி.ஐ.ல ரெண்டாம் வருசம்ல படிச்சான். லீவுக்குத்தான வேலைக்குப் போனான். ஃபீசு கட்டுன ரசீது இந்தா பெட்டியில கெடக்கு. நீயுந்தானத்தா பக்கத்துல இருந்த, சொல்லலையா?" என்றது. சொன்னேனா, சொல்லும்போது விட்டுவிட்டேனா என்று எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

மறுநாளே ரசீதைப் போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கு எழுதினேன். வழக்கில் இழப்பீட்டுக் கணக்குக்கும் இது தேவை என்று வக்கீலும் சொல்லியிருந்தார். மூணு வாரம் பதிலே இல்லை. அப்புறம் ரெண்டு வரியில் ஒரு மெயில் வந்தது, வருத்தத்தோடு திருத்திவிட்டதாக. திருத்தினதை அந்தம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம் என்று செல்போனை எடுத்துக்கொண்டு போனேன். தலைப்பு இருந்தது, போட்டோ இருந்தது, கீழே நாலு வரி இருந்தது. என் சந்தா முந்தின நாளோடு முடிந்திருந்தது.